கதையை எங்க கட் பண்றோம்? பொன்னர் சங்கரும் அக்கிலீஸும்

பஸ்ல போயிட்டு இருக்கீங்களோ, ராத்திரி பாத்திரம் கழுவிட்டு இருக்கீங்களோ, வால்யூமை கொஞ்சம் ஏத்தி வச்சுக்கோங்க. இன்னைக்கு ரெண்டு வீரக் கதை பேசப் போறோம். ஒண்ணு நம்ம மணப்பாறைப் பக்கம் நடந்ததா சொல்ற கதை. இன்னொண்ணு கிரேக்கக் கதை. ரெண்டுலயும் ஹீரோ சின்ன வயசுலயே செத்துப் போறான். ரெண்டுலயும் அது முன்னாடியே தெரிஞ்ச விஷயம்.

ஏன் இந்த டாபிக்னு முதல்ல சொல்லிடறேன். நான் புத்தூர் பையன்னு ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல மாசி, பங்குனி வந்தா குழுமாயி அம்மன் திருவிழா, குட்டிகுடின்னு ஏரியாவே வேற மாதிரி இருக்கும். அதே மாசியிலதான் வீரப்பூர் திருவிழாவும். இந்த வருஷம் எங்க தெருத் தம்பி ஒருத்தன், காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறவன், "அண்ணா, வீரப்பூர் போலாமா? வேடபரி பாக்கணும்"னு கேட்டான். சரின்னு அவன் பைக்லயே கிளம்பிட்டோம். திண்டுக்கல் ரோடு, மணப்பாறை, அங்கிருந்து வீரப்பூர்.

வழியில டீ குடிக்க நிறுத்தினப்போ அவனோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் காட்டினான். குதிரை மேல வாளோட சங்கர், பின்னாடி மாஸ் பிஜிஎம், 30 செகண்ட். அப்புறம் சொன்னான்: "வாழ்ந்தா இப்படி வாழணும்ணா. 16 வயசுதான்னாலும் கெத்தா இருந்துட்டு போயிடணும்." ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில தொங்கிட்டு இருந்துச்சு.

எனக்கு அப்போ பதில் வரல. இந்த எபிசோடுதான் அந்தப் பதில்.

முதல்ல கதை தெரியாதவங்களுக்காக. 2011ல பிரசாந்த் ரெண்டு வேஷத்துல நடிச்சு ஒரு படம் வந்துச்சே, அதை வச்சு மட்டும் தெரிஞ்சிருந்தா அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. அது கலைஞர் எழுதின 'பொன்னர் சங்கர்' நாவலை வச்சு எடுத்த படம். ஆனா கதை அதுக்கெல்லாம் ரொம்ப முந்தினது. கொங்கு நாட்டுல இதுக்குப் பேரு அண்ணன்மார் கதை. உடுக்கை அடிச்சுகிட்டு பல ராத்திரி விடிய விடியப் பாடுவாங்க. 1965ல பிரெண்டா பெக்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் கொங்குக் கிராமத்துல தங்கியிருந்து, அந்தப் பாட்டை டேப்ல முழுசா பதிவு பண்ணாங்க. 1982ல அதைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. பின்னாடி 26 எபிசோட் கார்ட்டூன் தொடராகவும் அதைக் கொண்டு வந்தாங்க. நான் இப்போ சொல்றது இந்தப் பாட்டு மரபுல பரவலா இருக்குற கதை. ஊருக்கு ஊர் மாறும். உங்க பாட்டி வேற மாதிரி சொல்லியிருந்தா, அதுவும் சரிதான்.

குன்னுடையான், தாமரைன்னு ஒரு தம்பதி. பொன்னிவள நாட்டுக்காரங்க. ரொம்ப வருஷமா குழந்தை இல்ல. தாமரை கடுமையா தவம் இருக்குறாங்க. கடைசியில சிவன் வரம் கொடுக்குறார். ரெண்டு ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. பெரியவன் பொன்னர், சின்னவன் சங்கர், தங்கச்சி தங்காள். ஆனா அந்த வரத்துல ஒரு கண்டிஷன் இருக்கு. பசங்களுக்கு ஆயுசு 16தான்.

இந்த இடத்தைக் கவனிங்க. 16 வயசுங்கிறது சங்கர் எடுத்த முடிவு இல்ல. அவன் பிறக்குறதுக்கு முன்னாடியே எழுதின கணக்கு அது. அந்தக் கணக்கோட வாழ்ந்தவன் அவன். நம்ம தம்பி நினைச்ச மாதிரி, "கம்மியா வாழ்ந்தாலும் கெத்தா வாழ்வோம்"னு சங்கர் எங்கயும் டீல் பேசல.

வளர்றாங்க. பொன்னர் சாது. சங்கர் கோவக்காரன், முன்ன பின்ன யோசிக்காம பாயுறவன். கூடவே சாம்புவன், விசுவாசமான துணை. கல்யாணமும் ஆகுது, முத்தாயி, பவளாயின்னு ரெண்டு பொண்ணுங்க. இவங்க பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சண்டை எங்க ஆரம்பிக்குது தெரியுமா? ஒரு ஜோடிக் கிளியில. தங்காளுக்கு அந்தக் கிளிங்க வேணும்னு ஆசை. கிளிங்க இருக்குறது வேட்டுவர்களோட காட்டுல. அண்ணங்க போறாங்க, ஜோடியில ஒண்ணு மாட்டுது, இன்னொண்ணு தப்பிச்சுடுது. தனியாப் போன அந்தக் கிளி, வேட்டுவர் வீட்டுப் பொண்ணுகிட்ட போய் அழுவுது. அப்புறம் அந்தப் பக்கத்துல இருந்து கொம்பன்னு ஒரு பெரிய காட்டுப் பன்னி கிளம்பி வந்து, இவங்க வயக்காட்டை எல்லாம் உழுது நாசம் பண்ணுது. பன்னியைக் கொல்றாங்க. சண்டை பெருசாகுது.

பெக் இதை ஏர் பிடிக்கிறவங்களுக்கும் காட்டுல வேட்டையாடுறவங்களுக்கும் நடுவுல நிலத்துக்காக நடந்த மோதலோட ஞாபகமா படிக்கிறாங்க. காட்டை வெட்டி வயலாக்கினா, காட்டுல இருக்குறவன் எங்க போவான்? அந்தக் கோணத்துல பார்த்தா கொம்பன் வில்லன் மட்டும் இல்ல. கிளியை இழந்த அந்தப் பொண்ணுக்கும் ஒரு நியாயம் இருக்கு. பாட்டு சங்கர் பக்கம்தான் நிக்குது. ஆனா அந்தக் கிளி அழுததைப் பாட்டு மறைக்கல.

கடைசி யுத்தத்துல சங்கரை நேருக்கு நேரா நின்னு எவனாலயும் ஜெயிக்க முடியல. நேரம் வந்துடுச்சுன்னு மாயவர், அதாவது விஷ்ணுவே, அம்பு விட்டதா பாட்டுல வரும். தனக்கு முடிவு வந்துடுச்சுன்னு சங்கருக்குப் புரியுது. தன் வாள் மேல தானே விழுந்து உயிரை விடுறான். தம்பி இல்லாத உலகம் எனக்கு எதுக்குன்னு பொன்னரும் அதே மாதிரி விழறான்.

நம்ம தம்பியோட ஸ்டேட்டஸ் வீடியோ இந்த இடத்துல கட் ஆகுது. வாள், ரத்தம், பிஜிஎம், ஃபேடு அவுட்.

இதை இங்கயே வச்சுட்டு, கிரீஸ் பக்கம் போவோம். அங்கயும் இதே கட் நடக்குது.

அக்கிலீஸ். 2004ல பிராட் பிட் நடிச்ச 'டிராய்' படம் பாத்திருப்பீங்க. இல்லேன்னா குதிகாலுக்கு மேல இருக்குற அந்தத் தடிச்ச தசைநார், அதுக்குப் பேரே அக்கிலீஸ் டெண்டன். இவனோட கதையை நமக்குச் சொன்னது ஹோமரோட 'இலியட்'. கிட்டத்தட்ட கிமு 8ஆம் நூற்றாண்டு. 24 பகுதி, 15,000 வரிக்கு மேல. அதுவும் பாடகர்கள் வாய்வழியா பாடிப் பாடி வந்த மரபுதான், நம்ம உடுக்கைப் பாட்டு மாதிரியே.

அம்மா தீட்டிஸ், ஒரு கடல் தேவதை. அப்பா மனுஷன். அம்மா அவனைக் குழந்தையில ஸ்டிக்ஸ் நதியில முக்கி எடுத்தாங்க, பிடிச்சிருந்த குதிகால் மட்டும் நனையல, அங்கதான் அம்பு பட்டுச்சுன்னு நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை இருக்கே, அது இலியட்டுல கிடையாது. நதியில முக்கின கதை நமக்கு எழுத்துல கிடைக்கிறது கிபி முதல் நூற்றாண்டுல, ஸ்டாட்டியஸ்ங்கிற ரோமானியக் கவிஞர்கிட்ட. ஹோமருக்குப் பல நூறு வருஷம் கழிச்சு. ஹோமரோட அக்கிலீஸ் எங்க குத்தினாலும் ரத்தம் வர்ற மனுஷன்.

இன்னொரு ஆச்சரியம், அக்கிலீஸ் சாகுறதே இலியட்டுல வராது. நடக்கப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா காட்ட மாட்டாங்க. பாரிஸும் அப்போலோ சாமியும் சேர்ந்து உன்னைக் கொல்லுவாங்கன்னு, சாகும்போது ஹெக்டர் சொல்லிட்டுச் சாகுறான், அவ்வளவுதான். இங்கயும் அம்புக்குப் பின்னாடி ஒரு சாமி. நம்ம ஊர்லயும் அங்கயும் ஒரே யோசனை பாருங்க. இவ்வளவு பெரிய வீரன் சாதாரணமா ஒரு மனுஷன் கையால போனான்னு ஒத்துக்க ஊருக்கு மனசு வரல.

சரி, அந்த ஃபேமஸ் சாய்ஸுக்கு வருவோம். "நீண்ட ஆயுசா, அழியாத புகழா?" அக்கிலீஸ் புகழைத் தேர்ந்தெடுத்தான்னு மோட்டிவேஷன் ரீல்ஸ்ல போடுவாங்க. நானும் காலேஜ்ல அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த அப்புறம்தான் புத்தகத்தை இங்கிலீஷ்ல உக்காந்து படிச்சேன். அந்தச் சாய்ஸ் வர்றது 9ஆம் பகுதியில. அங்க அக்கிலீஸ் என்ன சொல்றான்னா, நான் ஊருக்குப் போறேன்னு சொல்றான். தலைவன் அகமெம்னான் இவனை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தி, இவனுக்குப் பரிசா வந்த பிரைசெயிஸ்ங்கிற பொண்ணை எடுத்துக்கிட்டான். பரிசா வந்த பொண்ணுன்னு சொல்றப்பவே நமக்கு உறுத்தணும், அது தனி எபிசோட். அந்தக் கோவத்துல ஒதுங்கி உக்காந்தவன் யோசிக்கிறான். ஆடு மாடு போனா திரும்பப் பிடிக்கலாம், பொருள் போனா திரும்பச் சம்பாதிக்கலாம், உயிர் போனா வராது. எந்தப் புகழும் அதுக்கு ஈடு இல்ல. இப்படித்தான் அவன் வாதம் போகுது.

அப்புறம் ஏன் திரும்பச் சண்டைக்கு வந்தான்? பெட்ரோக்ளஸ்னு ஒரு நண்பன், உயிர் நண்பன். கூட இருக்குறவங்க செத்துகிட்டே இருக்காங்க, நீ வரலேன்னா உன் கவசத்தையாவது கொடுன்னு வாங்கிப் போட்டுகிட்டு களத்துக்குப் போறான். ஹெக்டர் கையால சாகுறான். அக்கிலீஸ் மண்ணை அள்ளித் தலையில போட்டுகிட்டு புரண்டு அழுவுறான். அவன் திரும்பி வந்தது புகழுக்காக இல்ல. தன்னால ஒருத்தன் செத்துட்டானேங்கிற குற்ற உணர்ச்சி. அப்போ அவன் அம்மா கடல்ல இருந்து வந்து, உயிரோட இருக்குற மகனுக்கே ஒப்பாரி வைக்கிறா. ஹெக்டரைக் கொன்னா அடுத்து சாவு உனக்குத்தான்னு அவளுக்குத் தெரியும். தடுக்க முடியல.

ஹெக்டரைக் கொன்னுடறான். உடம்பை ரதத்துல கட்டி இழுக்குறான். நாள் கணக்கா இழுக்குறான், மனசு ஆறல. கடைசிப் பகுதியில ஹெக்டரோட அப்பா, டிராய் ராஜா பிரையம், வயசானவர், ராத்திரியில எதிரி கூடாரத்துக்கு வந்து, மகனைக் கொன்ன அதே கையை முத்தமிட்டு, என் பிள்ளை உடம்பைக் கொடுத்துடுன்னு கேக்குறார். அக்கிலீஸுக்குத் தன் அப்பா ஞாபகம் வருது. என் சாவுச் செய்திக்கு அந்த ஆளும் இப்படித்தானே உக்காந்திருப்பார்னு. ரெண்டு பேரும் சேர்ந்து அழறாங்க. உடம்பைக் கொடுத்துடறான். ஹெக்டரோட இறுதிச் சடங்கோட இலியட் முடியுது. எதிரியோட எழவு வீட்டுல முடியுற போர்க் காவியம் அது.

இன்னும் ஒண்ணு பாக்கி. ஹோமர் பேர்ல இருக்குற இன்னொரு காவியம் 'ஒடிஸி'. அதுல 11ஆம் பகுதியில ஒடிசியஸ் செத்தவங்க உலகத்துக்குப் போறான். அங்க அக்கிலீஸோட ஆவியைப் பாக்குறான். "உனக்கென்னப்பா, இங்கயும் நீதானே ராஜா"ங்கிற மாதிரி பேசுறான். அக்கிலீஸ் அதைத் துடைச்சுப் போட்டுடறான். செத்தவங்களுக்கெல்லாம் ராஜாவா இருக்குறதை விட, ஒண்ணும் இல்லாத ஒரு ஏழையோட வயல்ல கூலி ஆளா உயிரோட இருக்குறது மேல்னு சொல்றான். அடுத்து அவன் கேக்குற கேள்வி, என் பையன் எப்படி இருக்கான், எங்கப்பா எப்படி இருக்கார்ங்கிறதுதான். உலகத்துலயே பெரிய கெத்து அடைஞ்சவன், தானே வந்து கொடுத்த ரிவ்யூ இது. இதை எவனும் ரீல்ஸ்ல போடல.

இப்போ வீரப்பூருக்குத் திரும்புவோம். நம்ம கதையும் வாளோட முடியல. அதுக்கப்புறம் தங்காள் வர்றா.

அண்ணங்க திரும்பி வரல. தங்காள் வீட்டை விட்டு, காடு மேடெல்லாம் தேடிகிட்டுப் போறா. களத்துல செத்துக் கிடக்குற அண்ணங்களைக் கண்டுபிடிக்கிறா. தெய்வத் துணையோட தீர்த்தம் தெளிச்சு எழுப்புறா. அவங்க எழுந்து கொஞ்ச நேரம் பேசுறாங்க. அப்புறம் எங்க காலம் முடிஞ்சிடுச்சும்மான்னு திரும்பப் படுத்துடறாங்க.

இந்த இடத்தைத்தான் மக்கள் விடாம பிடிச்சுகிட்டு இருக்காங்க. படுகளம்னு சொல்வாங்க. அண்ணன்மார் கதை நடக்குற ஊர்கள்ல பாட்டு உச்சத்துக்குப் போறப்போ, ஆட்கள் அருள் வந்து அப்படியே விழுவாங்க. செத்தவங்க மாதிரி வரிசையாக் கிடத்தி, துணி போட்டு மூடுவாங்க. அப்புறம் தங்காளா நிக்கிறவங்க வந்து தீர்த்தம் தெளிச்சு ஒவ்வொருத்தரா எழுப்புவாங்க. நான் நேர்ல பாத்தப்போ எனக்கு முதல்ல புரியல. நம்ம ஆள் ஐடி, கேள்வி கேக்குற புத்தி. இது நிஜ மயக்கமா, நடிப்பான்னு யோசிச்சுகிட்டு நின்னேன். பக்கத்துல ஒரு அம்மா, கண்ணுல தண்ணி ஊத்துது, துடைக்கவே இல்ல. படுத்திருந்த ஒரு பையனையே பாத்துட்டு இருந்தாங்க. அவன் அசைஞ்சு எழுந்ததும்தான் மூச்சு விட்டாங்க. என் கேள்வி அப்போ காணாமப் போச்சு.

ஏன்னா நான் எழாத ஒருத்தனைப் பாத்திருக்கேன். இதை இதுவரைக்கும் இந்த மைக்ல சொன்னதில்ல. இன்ஜினியரிங் மூணாவது வருஷம். என் கூடப் படிச்ச பையன், ராத்திரி ரெண்டு மணி, காலி ரோடு, பைக். 20 வயசு. மறுநாள் எங்க ஏரியாவுல ஃபிளக்ஸ் வச்சோம். வச்சோம்னா, நானும் காசு போட்டேன். "மாவீரனே"ன்னு வாசகம் எழுதினதே நான்தான். பின்னாடி சிங்கம் படம். அன்னைக்கு அவங்க வீட்டுல அவனோட அக்கா, பெட்டி பக்கத்துல உக்காந்துகிட்டு, காலேஜுக்கு லேட்டானா எப்படி எழுப்புவாங்களோ அதே குரல்ல, "டேய் எந்திரிடா, எந்திரிடா"ன்னு கூப்பிட்டுகிட்டே இருந்தாங்க. ஃபிளக்ஸ் ஒரு வாரத்துல கிழிஞ்சுடுச்சு. அந்தக் குரல் எனக்கு இன்னும் போகல.

நம்ம மண்ணுல செத்தவனுக்குக் கல் நடறது ரொம்பப் பழசு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல தமிழ் பிராமி எழுத்தோட நடுகல் கிடைச்சுது. மாடு பிடிக்கிற சண்டையில செத்தவனுக்கு நட்ட கல்லும் அதுல ஒண்ணு. பேரு, ஊரு, எப்படிச் செத்தான். அவ்வளவுதான் இருக்கும், வேற அலங்காரம் கிடையாது. இந்த ஆளை மறக்காதீங்கன்னு கேக்குது, இப்படிச் சாகுங்கன்னு கூப்பிடல. நான் வச்ச ஃபிளக்ஸ் கூப்பிட்டுச்சு.

அதனால என் பதில் இதுதான் தம்பி. நீ சொன்ன கெத்தைக் கதையில யாரும் கேட்டு வாங்கல. சங்கருக்கு 16 வயசை வேற யாரோ எழுதி வச்சாங்க. அக்கிலீஸ் வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னான், துக்கம் இழுத்துட்டுப் போச்சு. ரெண்டு கதையையும் பாடினவங்க, ஹீரோ விழுந்த அப்புறமும் பாட்டை நிறுத்தல. ஒரு பக்கம் பிரையமும் அப்பாவைப் பத்திக் கேக்குற ஆவியும். இன்னொரு பக்கம் தங்காள். இத்தனை தலைமுறையா விடிய விடிய முழுசாக் கேட்ட கதையை, நாமதான் 30 செகண்டுக்குக் கட் பண்ணி, வாள் வரைக்கும் மட்டும் வச்சிருக்கோம். எடிட்டிங் பண்றவன் சொல்றேன், எங்க வெட்டுறோம்ங்கிறதுலதான் கதையோட அர்த்தமே மாறுது.

இதையெல்லாம் திரும்பி வர்ற வழியில அவன்கிட்ட கோர்வையா சொல்ல வரல. என் ஃபிரண்டைப் பத்தி மட்டும் கொஞ்சம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. மணப்பாறை தாண்டி வந்தப்போ ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணா, அந்த முத்தாயி, பவளாயி என்ன ஆனாங்க?"

நல்ல கேள்வி. சில ஊர்ல பாடுறபடி, அண்ணங்க போனது தெரிஞ்சதும் தங்காள் அரண்மனைக்குத் தீ வைக்கிறா, அவங்க ரெண்டு பேரும் அதுல போயிடறாங்க. வீரத்துக்கான பில் கடைசியில யார் கைக்கு வருதுன்னு பாருங்க. ஸ்டேட்டஸ்ல அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஃபிரேம் கூடக் கிடையாது.

உங்க வீட்டுல பெரியவங்க யாருக்காவது அண்ணன்மார் கதை தெரிஞ்சா, முத்தாயி, பவளாயி பத்தி என்ன சொல்றாங்கன்னு கேட்டு, அவங்க குரல்லயே ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அவங்க சம்மதிச்சா அடுத்த எபிசோட்ல போடுவோம். எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவாயில்ல, கட் பண்ண மாட்டேன்.

பாத்துப் போங்க. வீட்டுல ஆள் முழிச்சுகிட்டு இருப்பாங்க.